துடைக்காத மாம்பழம்

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரியது. பஞ்சு உதிராத, நூல் பிரியாத அந்த வகைத் துணியை ஓசூர்த் தொழிற்சாலைகளில் பாகங்களை அளவெடுக்கும் அறைகளில் பார்க்கலாம். அதன் நடுவே மாங்காய்ப் பால் பட்டுப் பழுப்பேறிய கறை. ஆண்டுக்கு ஒருமுறை, மாம்பழ சீசனில், இளம் ஆய்வாளர்களுக்கு நான் நடத்தும் பயிற்சி முகாமுக்கு அதை எடுத்துப் போவேன். திரும்பி வந்து துவைத்து, மடித்து வைப்பேன். கறை மட்டும் போவதில்லை. போகவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டதில்லை.

அந்தத் துணிக்குச் சொந்தக்காரரை எங்கள் ஆய்வு மையத்தில் எல்லோரும் இன்ஜினியர் என்றே கூப்பிட்டார்கள். தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருந்த சின்ன மையம் அது. வெவ்வேறு துறைகளில் முனைவர் பட்டம் முடித்த சிலரைச் சேர்த்து, இரண்டு ஆண்டு வேலை கொடுத்து, ஒரே அறையில் மேசைகளைப் போட்டிருந்தார்கள். மேசைகள் ஒட்டியிருந்தால் மனிதர்களும் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள் போல. நான் தாவர நோயியல் படித்தவள். கிருஷ்ணகிரியில் அத்தாவுக்கு மாங்காய் மண்டி. வெளியே தளதளவென்றும் உள்ளே அழுகியும் இருக்கும் காய்களைப் பார்த்தே வளர்ந்தவள். இன்ஜினியர் கர்நாடக எல்லையோர ஜூஜுவாடிக்காரர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எஞ்சின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சில காலம் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். எங்கள் இருவருக்கும் ஒரே வேலை: கூழ் ஆலைக்குப் போகும் மாம்பழத்தில் எது அழுகப் போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவி. மூன்று மொழி தெரிந்த அந்த மனிதருக்கு நான் பேசுவது புரியவில்லை. அவர் பேசுவது எனக்கும் புரியவில்லை. பழத்தை அவர் 'பீஸ்' என்பார். "இந்த பீஸ் ரிஜெக்ட்டா மேடம்?" என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் சீசனில் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தோப்பில், பிஞ்சிலிருந்தே காய்களுக்கு அடையாளச் சீட்டுக் கட்டி வைத்திருந்தேன். அழுகலை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் காயின் தோல்மேல் வந்து உட்கார்ந்து, பழுக்கும் வரைக்கும் சும்மா காத்திருக்கும். தோல்மேல் எத்தனை வித்து இருந்தால் எவ்வளவு அழுகல் வரும் என்பதுதான் என் ஆராய்ச்சி. முதலில் அவர் கருவி படம் எடுக்கும். அதன்பிறகு நான் தோலைக் கழுவி வித்துகளை எண்ணுவேன். இப்படித்தான் பேசி வைத்திருந்தோம். அறுவடை நாளில் கூடைகளை அவரிடம் கொடுத்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால், பழங்கள் எல்லாம் கண்ணாடி போல் பளபளத்தன. பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில், இந்தத் துணி. ஒவ்வொரு பழத்தையும் ஸ்பிரிட் தொட்டு, அழகாக, அக்கறையாகத் துடைத்து வைத்திருந்தார். அவர் வேலை செய்த இடத்தில் எந்தப் பாகத்தையும் துடைக்காமல் அளக்க மாட்டார்கள். அழுக்கோடு அளப்பது அங்கே குற்றம். எனக்கோ அந்த அழுக்குதான் ஆராய்ச்சி.

கத்தினேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மரம் எனக்காக இன்னொரு தடவை காய்க்கப் போவதில்லை. இரண்டு சீசனில் ஒன்று போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றும் சரிப்படவில்லை என்றால் என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. வேறு வழியில்லாமல் மண்டிக் கணக்குப் பார்க்கத்தான் உட்கார வேண்டும். அவர் வாதாடவில்லை. "தொடைக்காம அளந்தா எங்க மெஷின் ஷாப்ல வெளியே அனுப்பிருவாங்க மேடம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு, இனி அவரவர் வேலையை அவரவர் தனியாகச் செய்யுங்கள், கடைசியில் அறிக்கையைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு, சீட்டுக் கட்டாமல் விட்டிருந்த மிச்சக் காய்களைப் பறிக்கத் தோப்புக்குப் போனபோது, வரப்போரம் அவருடைய பைக் நின்றது. என்ன சார் இங்கே என்றேன். "நீங்க பழத்த எப்படிப் புடிக்கிறீங்கன்னு பாக்க வந்தேன்" என்றார். அன்று பொழுது சாயும்வரை கூடவே வந்தார். நான் காம்பை மட்டும் பிடித்துப் பறிப்பதை, தோலில் விரல் படாமல் பையில் இறக்குவதை, பால் தோலில் வழியாமல் தலைகீழாகச் சாய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "நான் தொட்டதே தப்பு. தொடச்சது அதுக்கப்புறம்தான்" என்றார். அன்றைக்குத்தான் இந்த மனிதரோடு வேலை செய்யலாம் என்று தோன்றியது. அவர் பழைய கம்பெனியைப் பார்க்க வேண்டும் என்று நானும் கேட்டேன். அங்கே ஒரு தொழிலாளி, குழந்தைக்கு முகம் துடைப்பது போல ஓர் இரும்பு உருளையைத் துடைத்து அளவுக்கருவியில் வைத்தார். துடைக்காமல் வைத்த இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத தூசியால் அளவு தப்பியது. என் கோபத்துக்கு இருந்த நியாயம் போலவே இன்ஜினியரின் துணிக்கும் ஒரு நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எங்கள் வெள்ளிக்கிழமை வழக்கம். யோசனை அவருடையது. மாலை டீயின்போது நான் என் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது, அவருடையதைச் சொல்ல வேண்டும். அவர் என்னுடையதைச் சொல்வார். கேட்பவர் "ஆமா, அதுதான்" என்று சொல்லும்வரை விடக்கூடாது. "ஆமா" சொல்வதில் அவர் மகா கஞ்சன். "பாதி வந்திருக்கு மேடம், இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். டீ ஆறிப்போகும். ஒளி பழத்துக்குள் எப்படிப் போகிறது, எங்கே சிதறுகிறது என்று தப்பும் தவறுமாகச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் அவருக்கே தோன்றாத ஒன்றைக் கேட்டுவிட்டேன்: விளக்கை ஏன் பழத்துக்குக் கீழே வைக்கக்கூடாது? அவர் எழுந்து போய், கொஞ்ச நேரம் கழித்து, பழத்தைக் காம்பில் தொங்கவிடும் ஒரு கொக்கியை வரைந்து கொண்டுவந்தார். பழத்தைத் தொடவே வேண்டாம். என் வாழ்க்கையில் என் வேலையை என்னைவிட நன்றாக இன்னொருவர் சொல்லக் கேட்டது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். அது என்ன சந்தோஷம் என்பதை, அது இல்லாமல் போன பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் சீசன் சரியாக வந்தது. அழுகப்போகும் பழங்களில் பெரும்பகுதியைக் கொக்கிக் கருவி முன்கூட்டியே சொன்னது. கட்டுரை இருவர் பெயரிலும் வெளியானது, ஒரு தாவர நோயியல் இதழில். அது எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அவருக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. பொறியியல் துறை நேர்காணல்களில், இது மாமரத்தைப் பற்றியது, எங்கள் துறையில் எழுதியது எங்கே என்று கேட்டார்களாம். வேளாண் பக்கம் விண்ணப்பித்தால், நீங்கள் இயந்திரம் படித்தவர் ஆயிற்றே என்றார்களாம். துறைகள் சேர வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள், சேர்ந்து வந்தவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று தெரியாமல் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். என் துறை ஆட்களும் அதில் உண்டு. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது ஜூஜுவாடியில், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில். எல்லை தாண்டக் காத்திருந்த லாரிகளின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினோம். புனேயில் ஒரு கம்பெனியில் தர ஆய்வு வேலை கிடைத்திருந்தது. "திரும்பவும் தொடைக்கிற வேலைதான்" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை வழக்கத்தை நினைத்துக்கொண்டு, புனேயில் அவர் செய்யப்போகும் வேலையை நான் சொல்லிப் பார்த்தேன். முழுக்கக் கேட்டார். முதல் தடவையிலேயே "ஆமா, அதுதான்" என்றார். அந்தக் கஞ்சன் அத்தனை சீக்கிரம் ஆமாம் சொன்னதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்து இந்தத் துணியை எடுத்துக் கொடுத்து, "வெச்சுக்கங்க. இனிமே இது எனக்கு ஆகாது, கறை பட்டது" என்றார். பஸ் வந்தது. கொஞ்ச காலம் பெருநாளுக்கும் உகாதிக்கும் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். பிறகு அவருடைய எண் மாறிவிட்டது.

நான் இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் இருக்கிறேன். நல்ல துறை, நல்ல சக ஆசிரியர்கள். என் வேலையை அவர்கள் மதிக்கிறார்கள். அதை எனக்குத் திருப்பிச் சொல்ல மட்டும் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் டீ குடித்துவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவோம். பயிற்சி முகாமை நான் தொடங்கியது இளம் ஆய்வாளர்களின் நன்மைக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. அவரைப் பற்றிப் பேச எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

முகாமின் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். ஒரு பொறியியல் ஆளையும் ஒரு தாவரவியல் ஆளையும் ஜோடி சேர்த்து முன்னால் அழைப்பேன். மேசையில் ஒரு பெங்களூரா ரக மாம்பழம், அளவெடுக்கும் கருவி, ஸ்பிரிட் பாட்டில், இந்தத் துணி. அளந்து காட்டுங்கள் என்பேன். ஒவ்வோர் ஆண்டும் பொறியியல் ஆள் யோசிக்காமல் துணியை எடுத்துத் துடைப்பார். தாவரவியல் ஆள் பதறுவார். கூடம் சிரிக்கும். அப்போது நான் இன்ஜினியர் கதையைச் சொல்லத் தொடங்குவேன்.

இந்த ஆண்டு ஓசூரில் நடந்த முகாமில் முன்னால் வந்தது, ஆலையொன்றில் பயிற்சி முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஒரு பெண். துணியை எடுத்தாள், ஸ்பிரிட்டில் நனைக்கப் போனாள். பாட்டிலின் வாயருகே கை நின்றது. பக்கத்தில் நின்ற தாவரவியல் பையனைத் திரும்பிப் பார்த்து, "தொடைக்கலாமா? உனக்கு இதுமேல ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். "வேணுங்க்கா, தொடைக்காதீங்க" என்றான் அவன். அவள் துணியை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காம்பை எப்படிப் பிடிப்பது என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்து என்ன என்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளாக நான் காத்திருந்தது இதற்காகத்தான். மனம் நிறைந்துதான் போனது. ஆனால் வாய்வரை வந்திருந்த கதைக்கு அங்கே இடமில்லை. சரி, அடுத்த ஜோடி வாங்க என்றேன். அவளைப் பார்த்த பிறகு வந்தவர்களும் துணியை எடுக்கவில்லை.

அன்று மாலை குருபரப்பள்ளி வழியாக ஊர் திரும்பும்போது, இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளின் எண் என்னிடம் இல்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து துணியை இழுப்பறையில் வைத்தேன். இந்த ஆண்டு அதைத் துவைக்க வேண்டியிருக்கவில்லை.