இன்னாசிமுத்து தோற்ற சண்டை

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் இன்னாசிமுத்து கண்டக்டர். வழியிலுள்ள ஊர்களை ஆலப்பாக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் அவருக்கு வரும். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி ஆலப்பாக்கத்துக்கே போய்விடுவார். பஸ்ஸில் இதனால் யாருக்கும் தொந்தரவில்லை. கல்யாணத்தில்தான் தொந்தரவாகப் போயிற்று.

மனைவி ஆரோக்கியம்மாள் விஷக்காய்ச்சலில் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த மங்கலத்தின் மேல் மனுஷனுக்கு மனசு போனது. அவளும் புருஷனை இழந்தவள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் பொன்னுரங்கம், தங்கைக்கு ஒரு துணை கிடைத்தால் சரி என்று தலையாட்டிவிட்டான். ஆனால் மாதா கோயிலில் தாலி கட்டுவதென்றால் மங்கலம் ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர வேண்டும் என்றார் பங்குச் சாமியார். செய்தியைக் கேட்டதும் மங்கலம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி ஊத்திக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல கண்டக்டரே. ஆனா எதுக்குன்னு தெரியாம ஊத்திக்க மாட்டேன். நீங்க எதுக்கு நம்புறீங்கன்னு சொல்லுங்க. புரிஞ்சா வர்றேன். புரியலன்னா இட்லி சாப்புட்டுட்டுப் போங்க."

நியாயமான பேச்சுதான். அது அறுபத்தாறாம் வருஷம். ஊரிலுள்ள கறுப்புச் சட்டைக்காரர்களில் பாதிப்பேர் அவள் கடையில்தான் காபி குடித்தார்கள். கேள்வி கேட்க அவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

பாவம் இன்னாசிமுத்து, சின்ன வயசில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்குவதற்காகப் படித்த ஞானோபதேசப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். கேள்வியும் பதிலுமாக இருக்கும் அந்தப் புத்தகத்தைப் பஸ்ஸிலேயே நெட்டுருப் போட்டார். "முட்லூர் ஒண்ணு" என்று கேட்ட கிழவியிடம், "அவர் எங்கும் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டார்.

"இருக்கட்டும் தம்பி, நான் முட்லூர்ல எறங்கணும்" என்றாள் அவள்.

ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒப்பிக்க உட்கார்ந்தார். கேள்வியையும் அவரே கேட்டார், பதிலையும் அவரே சொன்னார். ஆதாம் ஏவாள் வரை வண்டி நன்றாக ஓடியது.

"அந்தப் பழத்த அங்க எதுக்கு வச்சாரு?" என்றாள் மங்கலம்.

இன்னாசிமுத்து உலகம் படைத்ததிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பழத்தருகே வந்ததும் திரும்பவும் நிறுத்தினாள். மூன்றாம் முறை அவர் உலகத்தைப் படைக்கப் போனபோது பொன்னுரங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, டிரைவர் ஆரன் அடிக்கிறாரு" என்றான்.

"புஸ்தகத்த மூடுங்க" என்றாள் மங்கலம். குரல் தணிந்திருந்தது. "சம்சாரத்துக்கு முடியாதப்ப வேண்டிக்கிட்டீங்கதான?"

"வேண்டிக்கிட்டேன்."

"நடக்கல இல்ல? அப்புறமும் எதுக்குப் பூசைக்குப் போறீங்க?"

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. இன்னாசிமுத்து அதைப் பைக்குள் வைத்தார்.

"அடக்கம் முடிஞ்ச மறுநாளு கோயிலுக்குப் போயி சண்ட போட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசிக்கிட்டே நிமிந்து பாத்தா, சிலுவையில தொங்கிக்கிட்டிருக்காரு, ஒடம்பெல்லாம் ரத்தம். என்னவிட மோசமா கெடக்கிற ஆளுகிட்ட எவ்ளோ நேரம் சண்ட போடுறது? அங்கியே உக்காந்துட்டேன். அவரு பதிலு ஒண்ணும் சொல்லல. ஆனா என்ன உட்டுட்டுப் போவவும் இல்ல. அதான் போறேன். வேற காரணம் எனக்குத் தெரியாது மங்கலம்."

மங்கலம் இலை போட்டு இரண்டு இட்லி வைத்தாள். புரியலன்னா இட்லி என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து, அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க. பசியோட டிக்கெட் கிழிக்க வேணாம்" என்றாள். "சாமியார எப்ப பாக்கலாம்?"

சில மாதம் கழித்து, கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் வாசிப்பதற்கு முன்னால் சாமியார் இருவரையும் உட்கார வைத்துப் பரீட்சை வைத்தார். உன்னைப் படைத்தவர் யார் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். பயத்தில் இன்னாசிமுத்து, "ஆலப்பாக்கம்" என்றார். சாமியார் பெருமூச்சு விட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லும்மா. எதுக்காக இங்க வர்றே?"

"இவரு சண்ட போட்டுத் தோத்த எடம் இதுதான் சாமி" என்றாள் மங்கலம். "என் புருஷன் செத்ததுக்கு எங்கிட்டயும் ஒரு சண்ட பாக்கி இருக்கு."

சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, ஓலை வாசிக்க நாள் குறித்தார்.