அந்த வரி தணிகாசலத்தினுடையது

செவ்வாய்க்கிழமை காலை வேப்பம்பட்டு நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது நம் வண்டி முருகேசன் போன் செய்தார். "அண்ணாத்தே, தணிகா போயிட்டாரு. டீ குடிச்சிகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்." என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல ரயிலில் ஏறிவிட்டேன். அண்ணனூரில் அவருக்காக நாம் பிடித்துவைக்கும் ஜன்னலோர இடத்தில் அன்று யாரும் உட்காரவில்லை. கால் கடுக்க நின்றவர்கள்கூட உட்காரவில்லை. நான் போனால் என் இடத்தை இப்படிக் காலியாக விடுவார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எட்டேகால் வண்டி நண்பர்களே, தணிகாசலத்தைப் பற்றி எழுதும்படி என்னிடம் கேட்டீர்கள். அவர்மேல் எனக்குப் பதினைந்து வருடப் பொறாமை. அதை மறைத்து, நல்லவர், வல்லவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தவிர, அவர் விஷயத்தில் உங்களிடம் ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அம்பத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, பாறை இடுக்கிலிருந்து எடுக்கும் ஷேல் எண்ணெயும் எரிவாயுவும் உலகத்தில் இனி எங்கே கூடும், எங்கே குறையும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு அறிக்கை எழுதுகிறவன். அதற்காகவே படித்தவன். தணிகாசலம் ஐடிஐ முடித்துவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் சின்னப் பட்டறையில் தரம் பார்த்தவர். அண்ணனூரில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவார். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், நான் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"அமெரிக்காக்காரன் முழு வால்வு கேட்டான்னா புதுக் கிணறு தோண்டறான்னு அர்த்தம். கசியாம இருக்க உள்ள போடற சீல் மட்டும் கேட்டான்னா பழசையே ஓட்டிகினு கீறான். இந்த மாசம் எல்லாம் சீலுதான் நைனா" என்றார் ஒருநாள். அந்த வாரம்தான் புதுக் கிணறுகள் பெருகும் என்று எழுதி அனுப்பியிருந்தேன். பெருகவில்லை. பட்டறையில் வந்து விழும் ஆர்டர் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் உலகத்தைப் பார்க்கிறார். எனக்கு இரண்டு கணினித் திரை இருந்தும் அது தெரியவில்லை.

ஷேலில் அமெரிக்காவுக்கு அடுத்தது போலந்துதான் என்று நான் அடித்துப் பேசிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க நெலத்துக்குக் கீழ கீறது யாருது?"

"அரசாங்கத்துது."

"அமெரிக்காவுல?"

"பெரும்பாலும் நிலத்துக்காரனுக்குத்தான்."

"அப்ப அவனுக்குப் பங்கு வருது, லாரி, சத்தம் எல்லாம் பொறுத்துக்கறான். போலந்துக்காரன் இன்னாத்துக்குப் பொறுத்துக்கணும்?"

வண்டியே சிரித்தது. கம்பெனிகள் வந்தன, துளையிட்டுப் பார்த்தன, மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. அங்கே பாறையும் ஒத்துவரவில்லை என்பதால் அவர் சொன்னது பாதிக் காரணம்தான். ஆனால் அந்தப் பாதி எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியே சிரித்த அந்த நாளுக்குப் பிறகு இரண்டு நாள் வேறு பெட்டியில் ஏறினேன். அலுவலகத்துக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்தது என்று உங்களிடம் சொன்னேன்.

அவர் தவறியதும் உண்டு. அமெரிக்காவில் ஷேல் சீக்கிரமே களைத்துவிடும் என்றார். இல்லை, பூமிக்கடியில் குழாயைப் படுக்கைவாட்டில் இன்னும் தூரம் கொண்டுபோவார்கள், உற்பத்தி ஏறும் என்றேன் நான். ஏறியது. எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த வெற்றி. எப்படிச் சொல்லிக்காட்டுவது என்று வேப்பம்பட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணனூரில் ஏறினார், உட்காரக்கூட இல்லை. "கேட்டுக்கோங்கபா. நான் சொன்னது தப்பு. இவரு சொன்னதுதான் நடந்துச்சு" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்கு இல்லை, தப்பை ஒத்துக்கொண்ட அவருக்கு! தோற்பதைக்கூட என்னைவிட அழகாகச் செய்த மனிதரிடம் நான் எங்கே போய் மோதுவது?

இனி அந்தப் பொய். ஷேல் கிணறு முதல் வருடம் பொங்கும், பிறகு மளமளவென்று வற்றும். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் சொன்னார்: "பால் பொங்கறப்ப அளக்காத நைனா. அடங்கினப்பறம் அள." அன்று நம் கூட்டத்தில் வேறு யாரும் வரவில்லை. அதை அப்படியே ஆங்கிலமாக்கி என் அறிக்கையின் முதல் வரியாக வைத்தேன். மேலிடத்தில் கொண்டாடினார்கள். பாராட்டு மெயிலை வண்டியில் உங்களுக்குப் படித்தும் காட்டினேன், அந்த வரியோடு சேர்த்து. அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "யாருக்கு வரும் இந்த மூளை!" என்று நீங்கள் என் முதுகில் தட்டினீர்கள். அவர் என்னைப் பார்த்து, "நல்லா சொல்லிகீற நைனா" என்றார். மறந்துவிட்டாரா, விட்டுக்கொடுத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றே ஏழு வருடம் ஓட்டிவிட்டேன். இனிக் கேட்க முடியாது.

புதன்கிழமை அலுவலகத்துக்கு எழுதினேன். அந்த வரி என்னுடையது அல்ல, அம்பத்தூரில் வால்வின் தரம் பார்த்த தணிகாசலம் என்பவர் சொன்னது என்று. அறிக்கை எழுதும் வேலைக்கு வேட்டு வைக்கும் கடிதம் என்று தெரிந்தேதான் எழுதினேன். மறுநாள் மேலாளர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "உங்கள் அறிக்கைகளில் எங்களுக்கு நினைவில் இருப்பது அது ஒன்றுதான்."

அமெரிக்காவின் நல்ல பாறைகள் தீர்ந்துவருகின்றனவா, அர்ஜென்டினா இன்னும் ஏறுமா, சீனா என்ன செய்யும் என்று இந்த வருட அறிக்கை என் மேசையில் பாதியில் நிற்கிறது. எழுதி முடிப்பேன். முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். படிக்கிறவர்கள் திரும்பவும் அவரைத்தான் மெச்சுவார்கள். எனக்கு வயிறு எரியும். தணிகாசலத்தின் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த வயிற்றெரிச்சல்தான், இது என் கடைசி நாள் வரைக்கும் என்னோடு இருக்கட்டும்.