நாலாவது கிளிப்

எனக்கு எழுபத்துநாலு வயது. பெற்று வளர்த்தது ஏழு பேரை. ஏழும் பொய் பேசாத பிள்ளைகள் என்று ஊரில் பெயர் எடுத்ததுகள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு மட்டும்தான். ஆனாலும் இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்க மனம் வரவில்லை. மூன்று நாளாக நானே குந்தி எழுதுகிறேன்.

என் சின்ன வயதில் நாங்கள் நிலாவெளியில் இருந்தோம். துறைமுகத்தை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய காரை அப்பா வாடகைக்கு ஓடினார். கிளச் இல்லாத ஓட்டோ கியர் கார். புல்மோட்டைப் பக்கத்து மணலில் ஓடினால் கியர் எண்ணெய் கொதித்துவிடும். எஞ்சின் உறுமும், கார் நகராது. அம்மாவுக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கார் படுத்துவிடக் கூடாதென்றுதான், எண்ணெயை ஆற்றுகிற சின்னக் கூலர் ஒன்றை அப்பா எங்கேயோ தேடிப்பிடித்து வந்தார். ரேடியேட்டருக்கு முன்னால் அதைப் பூட்ட வேண்டும். சூடான எண்ணெய் ஒரு குழாயால் அதற்குள் வந்து, ஆறி, மற்றக் குழாயால் கியர்ப் பெட்டிக்குத் திரும்பும். இரண்டு றப்பர் குழாய், நுனிகளை இறுக்க நாலு கிளிப்.

சாக்கில் பரப்பி வைத்த கிளிப்புகள் வெள்ளிபோல மின்னின. என் துணிப்பொம்மைக்கு ஒட்டியாணம் இல்லை. ஒன்றை எடுத்தேன்.

அப்பாவும் மாமாவும் மணலை அளைந்து அளைந்து தேடினார்கள். மாமா அம்மாவின் தம்பி, கரைவலைக்காரர்.

"கிளிப் இல்லாமல் காரை எடுக்க ஏலாது. நாளைக்கு டவுனில வாங்கிப் போடுவம்" என்றார் அப்பா.

"அத்தான், கடலையே நூலால கட்டி இழுக்கிற ஆக்கள் நாங்கள். இந்தச் சொட்டு எண்ணெய் எங்க ஓடப்போகுது?"

மாமா கிளிப் இல்லாத குழாய் நுனியில் வலைநூலைப் பதினைந்து சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இழுத்தார். "இனி இதை அவிழ்க்கச் சுறாதான் வரவேணும்." அப்பாகூடச் சிரித்துவிட்டார். பொம்மையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் கடை திறக்கும் முன்பே அம்மாவுக்கு வலி கண்டது. வீட்டில் வேறு ஆளில்லை, என்னையும் முன் சீட்டில் ஏற்றினார்கள். மாமா பின்னால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார். உப்புவெளிக்கு இந்தப் பக்கம், ஒரு வீடு வாசல் இல்லாத இடத்தில், எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை. அப்பா ஓடிப்போய் பொனெற்றைத் திறந்தார். நூல் வழுக்கி, குழாய் கழன்று தொங்கியது. வந்த வழியெல்லாம் எண்ணெய் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது, கியர்ப் பெட்டியில் சொட்டும் மிச்சமில்லை.

பொம்மையின் இடுப்பிலிருந்து கழற்றிக்கொண்டு போய் நீட்டினேன். "அப்பா, இஞ்ச கிளிப். பூட்டுங்கோ, போவம்."

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிளிப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "போய் அம்மாவுக்குப் பக்கத்தில இரு" என்றார்.

பஸ் வருமுன் தம்பி பிறந்தான். அழவேயில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அம்மா கேட்டது ஒன்றுதான். "ஆர் நூலால கட்டினது?"

மாமா வாய் திறக்கும் முன், "நான்தான். கிளிப் வாங்கப் போகப் பஞ்சிப்பட்டு, சோம்பலில விட்டிட்டன்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் அம்மா அப்பாவுக்குச் சமைத்துப் போட்டார். ஒருநாளும் "இஞ்சருங்கோ" என்று கூப்பிடவில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்று என்னைத்தான் அனுப்புவார். வீட்டில் பெரிய வேலை எனக்குக் கிடைத்ததென்ற பெருமையில் ஓடிப்போய்ச் சொல்வேன். அப்பா ஏன் பொய் சொன்னார் என்பது விளங்க நானே பிள்ளை பெறவேண்டியிருந்தது. விளங்கிய பிறகும் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. அப்பா போனார். பிறகு அம்மாவும் போனார். இனிச் சொல்ல ஆளில்லை.

பேத்தி, வீட்டில் எல்லாரும் கேட்க இதைச் சத்தமாக வாசி. எழுத்து விளங்காவிட்டால் கேள். ஒன்றை எடுத்தேன் என்று எழுதியிருக்கிற இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தாதே, பிள்ளை.