கலைத்துப் போட்ட கணக்குகள்

அம்மா மதிப்பெண்களை வாசித்தார். நான் மடிக்கணினியில் ஏற்றினேன். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசை, இரண்டு கட்டு விடைத்தாள்.

அம்மா பொறியியல் கல்லூரியில் கணித விரிவுரையாளர். முதலாண்டில் இரண்டு வகுப்புகள். இரண்டுக்கும் ஒரே பாடம், ஒரே வீட்டுக்கணக்குகள். ஒரு வகுப்புக்கு மட்டும் அவற்றைக் கலைத்துப் போட்டார்: இன்று நடத்திய பாடத்தில் இரண்டு கணக்கு இன்று, ஒன்று அடுத்த வாரம், மிச்சம் எல்லோரும் மறந்துபோயிருக்கும் நேரத்தில். அம்மாவுக்காக முதல் வீட்டுக்கணக்குத் தாளைத் தட்டச்சு செய்தபோது, ஏதோ குளறுபடி என்று நினைத்து எல்லாவற்றையும் பாடவாரியாக வரிசைப்படுத்திக் கொடுத்தேன்.

“அட கூறுகெட்டவளே, மெனக்கெட்டுக் கலைச்சதை இப்படி அடுக்கி வச்சிருக்கியே!” என்று சிரித்தார்.

மாணவர்கள் புலம்பினார்கள். “போன மாசம் முடிஞ்ச பாடத்தை ஏன் மேடம் தோண்டுறீங்க?”

“நீங்க புதைச்சீங்க, நான் தோண்டுறேன்.”

அந்த வகுப்பில் வீட்டுப்பாட மதிப்பெண் சரிந்தது. துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: “பருவத்தேர்வுலயும் இப்படின்னா இத்தோட நிறுத்திக்கலாம் மேடம்.” அந்தத் தேர்வின் தாள்கள்தான் மேசையில் கிடந்தன.

கடைசி எண்ணை ஏற்றினேன். அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சொல்லித் தொலையேன்டி!”

“கலைச்ச வகுப்புதான்மா மேல. கொஞ்சநஞ்சம் இல்ல. சராசரியிலயே பதினோரு மார்க்.”

“வகுப்பை மாத்திப் போட்டிருப்ப. இன்னொரு தடவை பாரு.”

பார்த்தேன். அதேதான். ஓரிரண்டு கெட்டிக்காரர்கள் தூக்கிவிட்டதல்ல. நடுவில் கிடந்தவர்கள் ஏறியிருந்தார்கள். முதல் மாதப் பாடத்துக் கேள்விகளில்தான் இடைவெளி அதிகம். இரண்டே வகுப்புகளை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா என் தலையைப் பிடித்து உலுக்கத் தொடங்கியிருந்தார்.

“மறக்கலடி! பசங்க மறக்கல!”

சமையலறைக்குள் ஓடினார். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

“அந்த மனுஷனுக்கு இப்பவே போன் போடட்டுமா? வேண்டாம், வேண்டாம். போன்ல சொன்னா மூஞ்சி போற போக்கைப் பார்க்க முடியாது. திங்கக்கிழமை நேர்லயே போறேன். இனிமே எல்லா வகுப்புக்கும் இப்படித்தான்னு அவரைச் சொல்ல வச்சுட்டுதான் வருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரடைப்பு. மருத்துவமனைக்குப் போவதற்குள் அம்மா போய்விட்டார்.

துறைத்தலைவர் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தேர்வு முடிவை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதிய பருவம் புதன்கிழமை தொடங்குகிறது. இரண்டு வகுப்புகளுக்கும் வீட்டுப்பாடம் பழைய வரிசையிலேயே அச்சுக்குப் போயிருக்கிறதாம். அம்மா இன்னும் அவரிடம் சொல்லவில்லை.