துப்பாக்கி லைசென்சுக்கு நான் போட்ட இரண்டு கையெழுத்து

அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் பல வருஷம் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்று பெயர்தான். தண்ணீர் மோட்டார் போடுவது முதல் கட்டில் கால் உடைந்தால் ஆசாரியைக் கூப்பிடுவது வரை எல்லாம் நான்தான். படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஆனாலும் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. பையன்களின் பாஸ்போர்ட்டுக்கு விசாரணை என்று போலீஸ்காரர் வருவார். அந்தச் சான்று, இந்தச் சான்று என்று வருவாய்த் துறை ஆள் வருவார். எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். நெற்றி நிறைய விபூதி பூசியவன், பொய் சொல்ல மாட்டான் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

வீடு சிதம்பரத்தில். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நான் செயலாளர். தெருவில் இருந்த இரண்டு பேரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவர் அரிசி மண்டி வைத்திருந்தவர். மனை வாங்கி விற்பதிலும் இறங்கி நன்றாக வந்துவிட்டார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு மூன்று நாள் அன்னதானம் நடந்ததே, அத்தனை அரிசியும் அவர் கொடுத்தது. உறவு ஒன்றும் கிடையாது, என்றாலும் என்னை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தெருவே கேட்கிற மாதிரி மச்சான் என்று கூப்பிடும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

இன்னொருவர் மிலிட்டரிக்காரர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் சொந்த ஊர். இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பெண்ணின் படிப்புக்காக எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு வந்தார். பாங்கு ஒன்றில் காவல் வேலைக்கு அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் துப்பாக்கியும் லைசென்சும் சொந்தமாக இருக்க வேண்டும், நாற்பத்தைந்து வயசுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு முடிந்திருந்தது. லைசென்ஸ் வந்தால் வேலை, இல்லையென்றால் பென்ஷனோடு சரி. இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவருக்கும் எனக்கும் ஒரே ஒருமுறைதான் சண்டை. மார்கழியில் விடிகாலை நாலரைக்குக் கோயிலில் ஒலிபெருக்கி போடுவது என் பொறுப்பு. அந்த மார்கழியில் அவர் மனைவி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

“ஐயா, ஒரு பத்து நாளைக்கு சத்தத்தக் கொறைங்க. அவுங்க தூங்கவே மாட்டேங்கறாங்க” என்று வந்து கேட்டார்.

“சாமி பாட்டு காதுல விழுந்தா ஒடம்பு சீக்கிரம் தேறும் சார்” என்றேன்.

மறுநாளும் வந்து கேட்டார். நான் குறைக்கவில்லை. மூன்றாம் நாள் கோயிலுக்குள் வந்தவர், நேராகப் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார். நான் குதித்தேன். அவர் சத்தம் போடவில்லை.

“புள்ளையாருக்கு எம்மாம் பெரிய காது இருக்கு பாருங்க. மெதுவா சொன்னாலே கேக்கும்.”

கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஒயரைப் பிடுங்கியதை மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. தினம் இரண்டு வேளை சாமி கும்பிடுகிறவனுக்கு இப்படி ஒரு மனசு.

அடுத்த கோடையில் ஒருநாள் விசாரணை அதிகாரி லாட்ஜுக்கு வந்தார். தெரிந்தவர்தான்.

“என்னா சாமி, டீ சொல்லுங்க. ரெண்டு மனு இருக்கு. ரெண்டுமே துப்பாக்கி. ரெண்டு பேரும் உங்க தெரு.”

“துப்பாக்கியா சார்?”

“பயப்படாதீங்க. நீங்க ஒண்ணும் சுட வேணாம். அக்கம்பக்கத்து ஆளுன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

முதலில் மண்டிக்காரர் மனு. அவருக்கு இடுப்பில் வைத்துக்கொள்கிற கைத்துப்பாக்கி வேண்டுமாம். “இவருக்கு மேலேருந்தே சொல்லிட்டாங்க. ஒப்புக்குத்தான் கேக்கறேன். இவரை யாராச்சும் மெரட்டுனாங்களா?”

பைக்கில் இரண்டு பேர் தன் காரைத் துரத்தி வந்ததாக மண்டிக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் என் வாயில் வந்தது வேறு. “ஆமா சார். ரெண்டு பேர் பைக்ல தொரத்திட்டு வந்தாங்க. என் கண்ணாலயே பார்த்தேன்.”

அதிகாரி எழுதினார். அடுத்த தாளை எடுத்தார். “இந்த மிலிட்டரிக்காரர் எப்படி?”

கொஞ்சம் யோசித்தேன். வாய் தவறி வந்தது என்று சொல்லவும் வழியில்லை.

“கோவம் ஜாஸ்தி சார். கோயில்லயே வந்து கலாட்டா பண்ண ஆளு.”

“குடி உண்டா?”

“மிலிட்டரி ஆளாச்சே சார். மாசா மாசம் கேண்டீன் பை வருது. உள்ள என்னா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?”

பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்குக் கேண்டீனில் சோப்பு, குக்கர், பிஸ்கட் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். ரம் பாட்டிலும் உண்டு. அதனால் எங்கள் பக்கத்தில் கேண்டீன் பை என்றாலே பாட்டில்தான். அவர் கையில் அந்தப் பையைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்ததில்லை. அவர் தள்ளாடியும் பார்த்ததில்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். எங்கே கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் போடுவேன். அது என் பழக்கம். அன்றைக்கும் இரண்டு தாளிலும் சுழி போட்டேன். படித்துப் பார்க்கவில்லை.

மண்டிக்காரருக்கு லைசென்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. மிலிட்டரிக்காரருக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை. பிறகு நிராகரித்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. என்ன காரணம் என்று அவருக்குப் புரியவில்லை. “உள்ளூர் விசாரணை அறிக்கையின்படி” என்று ஒரு வரிதான் அதில் இருந்ததாம். தெருவில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே நின்றேன். “கவர்மென்ட்டே அப்பிடித்தான் சார்” என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மண்டிக்காரர் துப்பாக்கியைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். லாரி சாவி, தராசு, கல்லாப்பெட்டிச் சாவி எல்லாவற்றோடும் தாம்பாளத்தில் அதையும் வைத்து, நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். மண்டிக்காரர் அதை எடுத்து, “தூக்கிப் பாரு மச்சான், என்னா கனம்!” என்று என் பக்கம் நீட்டினார்.

“அதைக் கீழ பார்த்துப் புடிங்க.”

வாசல் பக்கமிருந்து மிலிட்டரிக்காரரின் குரல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குழந்தைகளைப் பின்னால் போகச் சொன்னார்.

“தோட்டா உள்ள இருக்கா?”

“இருக்கும்னு நெனைக்கறேன்” என்றார் மண்டிக்காரர்.

“நெனைக்கக் கூடாதுங்க. அந்தப் பக்கம் பட்டன் இருக்கு பாருங்க, அமுக்குங்க. கீழ வர்றதப் புடிச்சிக்கிங்க.”

மண்டிக்காரருக்குப் பட்டன் அகப்படவில்லை. “நீயே எடுத்துக் கொடேன்யா.”

“எங்கிட்ட லைசென்ஸ் இல்ல. நான் தொடக்கூடாது.”

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, அவரையே தோட்டாவை எடுக்க வைத்தார். எடுத்து முடித்ததும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஊரை விட்டு ஊர் இருபத்துநாலு வருஷம் துப்பாக்கியோடு நின்ற மனுஷன் எங்கள் கோயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தீபாராதனைக்கு மணி அடிக்க வேண்டியவன் நான். மறந்துபோய் நின்றேன்.

தகவல் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்த காலம் அது. மிலிட்டரிக்காரர் தன் பெண்ணிடம் மனு எழுதச் சொல்லி, தன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

“படிங்க ஐயா” என்று தாளை நீட்டினார்.

மேலே என் பிள்ளையார் சுழி. கீழே என் கையெழுத்து. நடுவில், ‘மனுதாரர் முன்கோபி, மது அருந்தும் பழக்கமுடையவர், இவரிடம் துப்பாக்கி இருந்தால் பொது அமைதி கெடும்’ என்று இருந்தது. கடைசி வரியை நான் சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டும் நான் கொடுத்தது, அதிலிருந்து வந்ததுதான் மூன்றாவது.

“நான் குடிச்சி எப்பங்க பார்த்தீங்க?”

நான் தாளை மறுபடியும் மேலிருந்து பார்த்தேன்.

“எங்கப்பா குடிச்சே செத்தாரு. நான் நாக்குல வெச்சது கெடையாது. சரி, அத விடுங்க. ஒயரைப் புடுங்கனேன், கோவக்காரன்னு சொன்னீங்க. அது நெசம். இதையும் ஏன் சேர்த்தீங்க?”

மனைவி என் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தாள். “கேண்டீன்லேருந்து அவுங்க வாங்கியாந்து குடுத்த குக்கர்லதாங்க இன்னைக்கு சோறு வெச்சிருக்கேன்” என்றாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மிலிட்டரிக்காரர் வீட்டம்மாவிடம் சொல்லி அவள் வாங்கியது. எனக்குத் தெரியாது.

“மன்னிச்சிடுங்க. நீங்க ரொம்ப நல்லவர்னு நானே போயி எழுதிக் குடுத்துடறேன்” என்றேன்.

“வேணாங்க. நான் நல்லவனா கெட்டவனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம ரெண்டு பேரும் ஒருநாள் ஒக்காந்து பேசனதுண்டா? தெரியாதுன்னு எழுதுங்க. அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா போதுங்க.”

அப்படியே எழுதினேன். ஒரு சண்டையைத் தவிர இவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, குடிப்பவர் என்று நான் சொன்னது பார்த்துச் சொன்னதல்ல என்று எழுதி, இருவரும் கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். பக்கத்துப் பக்கத்து சீட். செம்மங்குப்பம் வந்ததும் ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்கு எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். அவர் தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அலுவலகத்தில் தாளை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, அந்தக் கோப்பை முடித்துவிட்டதாகச் சொன்னார். அப்பீலுக்கும் நாள் தாண்டிவிட்டது, புதிதாகத்தான் மனுப் போட வேண்டும். “அப்பவே ஒழுங்கா சொல்லியிருக்கலாமே பெரியவரே” என்றார். அவர் வேலை மிகுதியில் சாதாரணமாகச் சொன்னது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புது மனு, புது விசாரணை. மண்டிக்காரருக்கு மாதங்களில் நடந்தது இவருக்கு வருஷங்கள் இழுத்தது. லைசென்ஸ் வந்தபோது மிலிட்டரிக்காரருக்கு நாற்பத்தாறு முடிந்திருந்தது. பாங்கில் வேண்டாம் என்றுவிட்டார்கள். துப்பாக்கி வாங்கி என்ன செய்வது? அவர் வாங்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பெண்ணை நர்சிங் சேர்க்க நினைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு ஏதோ டிகிரியில் சேர்த்தார்கள். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். நான் எதிரே வரும்போது அவர் ஒருநாளும் தெருவின் மறுபக்கம் போனதில்லை. நான் போயிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால், ஏதோ தப்புச் செய்தேன், திருத்திக்கொண்டேன் என்றாவது சொல்லிக்கொள்வேன். ஆனால் நான் போட்டது இரண்டு கையெழுத்து. ஒன்றைத்தான் திருத்தினேன். அதைத் திருத்தினால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், நான் லாட்ஜ் வேலையை விட்ட வருஷம், மண்டிக்காரரின் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும் என்று வேறொரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். இளவயசு, மரியாதையாகப் பேசினார். “அவருக்கு ஆபத்து இருக்குன்னு முன்னாடி நீங்கதான் நேர்ல பார்த்து சொல்லியிருக்கீங்க ஐயா. இப்பவும் அப்படித்தானா?”

பொய் சார், நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வரை வந்தது. மண்டிக்காரரின் கார் கண்ணாடி இறங்குவது நினைவுக்கு வந்தது.

“எனக்கு எதுவும் தெரியாது சார்” என்றேன்.

கேட்பதற்கு நேர்மையான பேச்சு மாதிரிதான் இருக்கும். மிலிட்டரிக்காரர் சொல்லிக்கொடுத்த சொல் அது. அதையே என் பொய்யை மூடிக்கொள்ள எடுத்துக்கொண்டேன். அவரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

“சரிங்க ஐயா, பரவால்ல” என்று அந்த இளைஞர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருந்தவர், “அவரா? தங்கமான மனுஷனாச்சே!” என்று சொல்வது எங்கள் வீடு வரை கேட்டது. கையெழுத்துப் போடப் பேனா இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரோ உள்ளே போய் எடுத்து வந்தார்கள்.