வெட்டுக்கிளியைக் கூடைக்குள் விட்டவன்

இதை உங்களிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது பிள்ளைகளா, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, கொடைக்கானல் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஏழு. செண்பகனூர் பக்கம் வேலியில் பிடித்த கும்பிடுபூச்சி ஒன்றை அவள் வளர்த்தாள்.

அதற்கு முன் வளர்த்ததை மிட்டாய்ச் சாடியில் விட்டிருந்தாள். தோலுரிக்கும் நேரத்தில் கண்ணாடியில் பிடி கிடைக்காமல் அது வழுக்கி விழுந்து செத்தது. அதனால் இந்தப் பூச்சிக்கு, பேரிக்காய் வந்த உயரமான மூங்கில் கூடையைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தாள். மேலே இருக்கும் பின்னலைப் பற்றிக்கொண்டு பூச்சி தலைகீழாகத் தொங்கும். இரை எடுப்பதை நிறுத்திவிட்டால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். உடனே உள்ளே இருக்கும் ஈ, எறும்பையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டுவிடுவாள்.

அது ரமலான் மாதம். அந்த வருடம்தான் முதன்முதலாக நோன்பு வைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் பசி தாங்கவில்லை. கடை மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து ஒரு கை பேரீச்சம்பழம் தின்றுவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், அம்மா தங்கையைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

"ஏண்டி, ஒம் பூச்சியும் நோன்பு வச்சிருக்கா? ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலையே. ஒங்க அண்ணனையே மிஞ்சிரும் போல!"

எனக்குச் சுருக்கென்றது. பூச்சியும் தின்னத்தான் செய்யும் என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது. தங்கை அந்தப் பக்கம் போனதும் கூடையைத் தூக்கி, கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றை உள்ளே விட்டேன்.

சாயங்காலம் அவள் வீறிட்டாள். பாதித் தோல் கழன்ற பூச்சி பலகையில் கிடந்தது. வெட்டுக்கிளி துள்ளித் துள்ளி மோதித் தள்ளியிருக்கிறது. ஈரம் காயாத புதுக்கால்கள் கோணிப்போயிருந்தன. வெட்டுக்கிளி மட்டும் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"ஏலே, நீ விட்டியா?" என்றார் அத்தா.

"நோன்போட சொல்றேன், நான் இல்லத்தா."

அத்தா தங்கையிடம் திரும்பினார். "நோன்புக்காரப் பிள்ளை பொய் சொல்லாது. நீதான் வெளிய எடுக்க மறந்திருப்ப."

"மறந்துட்டேன் போல," என்று அவள் அழுதாள்.

நோன்பு திறக்க உட்கார்ந்தபோது என் காதோரம் வந்தாள். "அண்ணே, நோன்பு தொறக்கும்போது என்ன கேட்டாலும் அல்லா குடுப்பானாம். அதுக்குக் காலு நேராகணும்னு கேளுண்ணே."

கையேந்தி உதட்டை அசைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை.

மறுநாள் காலையில் பூச்சி செத்துக் கிடந்தது.

"நீ கேட்டேல்ல?" என்றாள்.

"கேட்டேன்," என்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. பசிக்கிறது என்று அன்று மத்தியானமே சொல்லியிருந்தால், அத்தா சிரித்திருப்பார், அம்மா சோறு போட்டிருப்பார். அது எனக்கு அப்போது தெரியவில்லை.