ஐயாவுக்காக ஒரு ஜெபம்

எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் என் தங்கை உடல் கருகி, விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே வந்த எங்கள் சபைப் போதகரைப் பார்த்ததும், "ஐயா, ஜெபம் பண்ணுங்கய்யா" என்று கதறினேன். அதே விபத்தில் இறந்த மூன்று பேரை அன்று காலைதான் அவர் அடக்கம் செய்திருந்தார். கட்டிலருகே வந்து நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியலம்மா. எனக்காக நீங்க ஜெபம் பண்ணுவீகளா?"

காய்ச்சலோ கல்யாணமோ, எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவேன். அவருக்காக ஒருநாளும் ஜெபித்ததில்லை. "ஆண்டவரே, ஐயாவ..." என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

மறுநாள் தங்கையையும் அவர்தான் அடக்கம் செய்தார்.

இப்போதெல்லாம் உலையில் அரிசி போடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவருக்காக ஜெபிக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.